அச்சிட்ட எஃகின் ஊர்களில்

ஆம்ஸ்டர்டாம்

ஆம்ஸ்டர்டாமில் இலையுதிர்காலத்து மழை விழுவதில்லை, தொங்குகிறது. சட்டையிலும் மூக்குக்கண்ணாடியிலும் பாலத்துக் கைப்பிடியிலும் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு, துடைத்த மறுநிமிடமே திரும்ப வந்து உட்காருகிறது. தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு ஈரம் என்றாலே உப்புதான். உப்பளத்துக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், நேற்று அடித்த பெயின்டுக்குள்ளும் புகுந்துவிடும். இங்கே உதட்டை நக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

நான் தேடி வந்த பாலம் நகரின் மிகப் பழைய பகுதியில், அவுதசைட்ஸ் ஆக்தர்பர்க்வால் என்ற கால்வாயின் மேல் இருந்தது. இரவில் சிவப்பு விளக்குகளுக்குப் பேர்போன இடம். காலையில் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வண்டிகளும் தெருவைக் கழுவுகிறவர்களும்தான் தென்பட்டார்கள். பாலத்தின் நீளம் சுமார் 12 மீட்டர். பக்கச் சுவர்கள் நேராக நிற்காமல் அலையாக எழுந்து, இரு முனைகளிலும் சுருண்டு அடங்கின. முப்பரிமாண முறையில் எஃகால் அச்சிட்ட உலகின் முதல் பாலம் இது. ஜோரிஸ் லார்மன் வடிவமைக்க, எம்எக்ஸ்த்ரீடி நிறுவனத்தின் கூடத்தில் நான்கு வெல்டிங் ரோபோக்கள் ஆறு மாதம் உழைத்து வளர்த்தெடுத்தன. துருப்பிடிக்காத எஃகு மட்டும் நாலரை டன். 2018-இல் ஐந்தோவன் நகரத்து வடிவமைப்புத் திருவிழாவில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 2021 ஜூலை 15 அன்று அரசி மாக்சிமா திறந்துவைத்தார். நான் போய் நின்றது அடுத்த ஆண்டு.

கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தடவினேன். வழவழப்பே இல்லை. விரலுக்குக் கீழே வரி, அதன்மேல் இன்னொரு வரி. முறுக்கு பிழிகிற மாதிரிதான் வேலை நடந்திருக்கிறது: வெல்டிங் கம்பி உருகி ஒரு வரியாகப் படியும், ரோபோ கை சற்று மேலே ஏறும், முந்தைய வரியின் முதுகில் அடுத்த வரி படியும். ஒவ்வொரு வரியும் மில்லிமீட்டர் கணக்கில் தடிமன். கம்பி 308எல்எஸ்ஐ வகை, சுமார் 20 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய கம்பி.

உலோகவியல் கற்பிக்கிற எனக்கு அந்த வரிகளுக்கு இடையில் இருக்கும் பள்ளங்களில்தான் கண் போனது. எந்தத் துருப்பிடிக்காத எஃகையும் காப்பது அதன் மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடுப் படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினால், காற்றும் ஈரமும் இருக்கிற வரை உடனே மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் அழுக்கும் நீரும் தேங்குகிற ஒடுங்கிய இடத்தில் ஆக்சிஜன் குறையும், படலம் திரும்ப வளரச் சிரமப்படும். ரோபோவின் கையில் இருக்கும் அமைப்புகள், அதாவது கம்பி எந்த வேகத்தில் வருகிறது, மின்னோட்டம் எவ்வளவு, கை எவ்வளவு விரைவாக நகர்கிறது, ஒரு வரி ஆறும்வரை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது ஆகியவை இந்தப் பள்ளங்களின் ஆழத்தையே தீர்மானிக்கின்றன. சூடு குறைந்தால் வரிகள் ஒன்றோடொன்று சரியாக உருகிச் சேராது. சூடு மிஞ்சினால் மேற்பரப்பில் வைக்கோல் நிறத்திலிருந்து நீலம் வரை வண்ணம் ஏறும். பார்க்க அழகு. ஆனால் அந்த வண்ண ஆக்சைடுக்குக் கீழே குரோமியம் வற்றிப்போன ஒரு மெல்லிய தோல் இருக்கும். அமிலத்தால் கழுவி அதை நீக்காவிட்டால், துரு முதலில் வந்து சேரும் இடம் அதுதான்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் லெராய் கார்ட்னரின் குழு இந்த எஃகைப் பல திசைகளில் வெட்டி இழுத்துச் சோதித்தது. வரியின் போக்கில் இழுத்தால் ஒரு விறைப்பு, குறுக்கே இழுத்தால் வேறு, சாய்வாக இழுத்தால் இன்னொன்று என்று வந்தது. உருட்டிய தகட்டில் இவ்வளவு வேறுபாடு இருக்காது. அதனால்தான் பாலத்தின் உடலெங்கும் உணரிகளைப் பொருத்தியிருந்தார்கள். இழுவையையும் அதிர்வையும் அவை ஓயாமல் குறித்துக்கொண்டன. ஆலன் டூரிங் நிறுவனம் அந்தத் தரவிலிருந்து பாலத்தின் கணினி இரட்டை ஒன்றைப் பேணியது. இந்தக் கவனிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புதுப் பொருளைத் தெருவில் விட்டுவிட்டு மறந்துபோகவில்லை. அது எப்படி வயதாகிறது என்று கூடவே இருந்து பார்த்தார்கள்.

நாயோடு வந்த முதியவர் ஒருவர் நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு நின்றார். எதிர்வரிசை வீட்டில் குடியிருப்பவர். “கல்லூரியா?” என்று கேட்டார். ஆமென்றேன். “இதைத் தொடுகிறவர்கள் எல்லாரும் கல்லூரிதான். படம் எடுக்கிறவர்கள் சுற்றுலா” என்றார். குளிர்காலத்தில் உறைபனி கண்டால் தெருவுக்கு உப்பு போடுவார்கள், அது காலணியோடு பாலத்துக்கும் வரும் என்று அவரே சொன்னார். உப்பு இங்கேயும் என்னை விடவில்லை.

மதியம் சந்தைத் தெருவில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் ஹேரிங் மீன் சாப்பிட்டேன். பச்சையாகத் தோன்றும், ஆனால் உப்பில் ஊறிய மீன். மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரி. கடைக்காரப் பெண் வாலைப் பிடித்து அண்ணாந்து விழுங்கிக் காட்டினாள். நான் துண்டுகளாக வாங்கிக்கொண்டேன். நெய்மீன் கருவாட்டின் காரமான உப்புக்குப் பழகிய நாக்குக்கு இது இனிப்பாகவே பட்டது.

ராட்டர்டாம்

ராட்டர்டாமில் ஆறு கடலோடு பேசுகிறது. நியூவ மாஸ் ஆற்றில் ஓதம் ஏறி இறங்குகிறது, காற்றில் டீசலும் கடலும் கலந்த வாடை. தண்ணீர்ப் பேருந்து என்று சொல்லும் படகில் ஏறி, 1902-இல் தொடங்கிய ஆர்டிஎம் கப்பல் கட்டும் தளம் இருந்த ஹைப்லாட் கரையில் இறங்கினேன். கப்பல் வேலை என்றோ முடிந்துவிட்டது. பெரிய கொட்டகைகளுக்குள் இப்போது பயிற்சிக்கூடங்களும் சிறு நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ராம்லாபில் 2017-இல் ஒரு கப்பல் விசிறியை அச்சிட்டார்கள். 298 அடுக்குகள், நிக்கல் அலுமினிய வெண்கலம். எஃகில்லை என்றாலும் அதைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பியூரோ வெரிட்டாஸ் என்ற கப்பல் தரச்சான்று அமைப்பு தொடக்கத்திலிருந்தே கூட நின்றது. வார்ப்பில் செய்த விசிறிக்குச் சான்று தருவதற்கு நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது. அச்சிட்ட விசிறிக்கு வடிவத்தை அளந்தால் போதாது. எந்தக் கம்பி, எந்தச் சூடு, எந்த வேகம் என்ற செய்முறைக்கே சான்று வேண்டும். உலோகமும் பொருளும் ஒரே நேரத்தில் பிறக்கிற தொழில் இது.

சுரினாம் நாட்டுக்காரர் ஒருவரின் ரொட்டிக் கடையில் சாப்பாடு. 1873-இல் வட இந்தியாவிலிருந்து டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு, நீளப் பயறு, கோழிக்கறி, அவித்த முட்டை. ஓரத்தில் அவர் வைத்த மஞ்சள் மிளகாய்த் துவையல் என் கண்ணில் நீரை வரவழைத்தது. “இந்தியாவில் எங்கே?” என்றார். தெற்கே, கடற்கரை என்றேன். “அப்படியானால் இன்னும் கொஞ்சம்” என்று கரண்டியைத் தூக்கினார்.

எசன்

எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் வந்ததும் நிலம் மேடு பள்ளமாகிறது. ரூர் பள்ளத்தாக்கின் ஊர்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று ரயில் நிலையப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். எசனுக்கு நான் வந்ததற்கு ஒரு நன்றிக்கடன் இருக்கிறது. இந்த ஊரில், கிருப் ஆலையின் ஆய்வுக்கூடத்தில், பென்னோ ஸ்ட்ராவுசும் எடுவார்ட் மாவ்ரரும் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகை உருவாக்கினார்கள். 1912-இல் அதற்குக் காப்புரிமை கேட்டார்கள். நியூயார்க்கில் 1930-இல் எழுந்த கிரைஸ்லர் கட்டடத்தின் மின்னும் தலைப்பாகை அந்த வழியில் வந்த எஃகு. நம் வீடுகளில் குடமும் தூக்குச்சட்டியும் டம்ளருமாக வந்து உட்கார்ந்ததும் அதே குடும்பம்தான்.

சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்தேன். 1986-இல் மூடிய சுரங்கம், 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சிவந்த செங்கல்லும் கறுத்த இரும்புக் கோபுரமும். ஆனால் அன்று மாலையில் பார்த்ததுதான் மனத்தில் நிற்கிறது.

ஊரிலிருந்து ஒரு தோழி சொல்லி அனுப்பிய வீடு. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கதவு திறந்ததும் தேங்காய்ப்பாலில் வெந்தயம் கொதிக்கிற வாசனை. “வாங்கோ அக்கா, குளிருக்குள்ள நிக்காதேங்கோ” என்று அந்த அம்மா என் கோட்டை வாங்கி மாட்டினார். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, இடித்த சம்பல். எங்கள் ஊர்ச் சொதியில் காய்கறி நிறைய இருக்கும், இஞ்சிப் பச்சடியோடு சோற்றில் பிசைவோம். இவருடையது மெலிதாக, எலுமிச்சைப் புளிப்போடு, இடியப்பத்துக்குள் ஊறிப்போவதற்கென்றே செய்தது. நான் மூன்றாம் முறை கேட்டபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

சமையலறையில் பாத்திரம் கழுவ உதவப் போனேன். சோறு வடிக்கும் பெரிய எஃகுப் பானையின் அடியில் ஊசி குத்தியதுபோல் கறுத்த புள்ளிகள். “புதுசா வாங்கினது அக்கா. என்ன தேய்ச்சாலும் போகுதில்ல” என்றார். உப்பை எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் வைத்த உடனே. அதுதான் காரணம். குளிர்ந்த நீரில் உப்புக் கல் கரையாமல் அடியில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு புள்ளியில் குளோரைடு செறிந்து படலத்தைத் துளைக்கும். துளை விழுந்தபின் உள்ளே கரையும் உலோகம் நீரை அமிலமாக்கும், அமிலம் இன்னும் குளோரைடை உள்ளே இழுக்கும். துளை தன்னைத் தானே தோண்டிக்கொள்ளும். பானையின் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும். தண்ணீர் கொதித்தபின் உப்பைப் போட்டுக் கிளறிவிடுங்கள் என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த மகன் திரும்பினான். அவன் வேலையே அச்சு இயந்திரத்தோடுதான்; 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகுப் பொடியை லேசரால் உருக்கி உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்கூடத்தில் இயந்திரத்தை இயக்குகிறவன். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு தாளில் வரையத் தொடங்கினான்.

“அன்ரி, பொடி ஒவ்வொண்டும் 15 இலிருந்து 45 மைக்ரான். தட்டில ஒரு அடுக்குப் பரவும், லேசர் கோடு கோடா உருக்கும், தட்டு இறங்கும், அடுத்த அடுக்கு. சும்மா ஒரு கணக்குக்கு 200 வாட் லேசர், நொடிக்கு 800 மில்லிமீட்டர் வேகம், கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர், அடுக்கு 0.04 எண்டு வைப்பம். பெருக்கிப் பிரிச்சா கன மில்லிமீட்டருக்கு 62.5 ஜூல் வரும். எல்லாரும் இந்த ஒரு எண்ணைத்தான் கேப்பினம்.”

“அந்த எண் போதாதா, தம்பி?”

“400 வாட்டும் 1,600 வேகமும் போட்டாலும் அதே 62.5தான் வரும். ஆனா உருகுற குளம் வேற மாதிரி, அன்ரி. நீண்டு மெலிஞ்சு போகும், தெறிக்கும். எண் ஒண்டு, எஃகு ரெண்டு.”

அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த வழி வந்தது தகும் என்று நினைத்தேன். பாடப்புத்தகங்களும் விற்பனைத் தாள்களும் ஆற்றல் அடர்த்தி என்ற ஒற்றை எண்ணை நம்புகின்றன. இரவும் பகலும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவனுக்கு அது போதாது என்று தெரிந்திருக்கிறது. இன்னும் சொன்னான். லேசர் கோட்டின் முனையில் திரும்பும்போது வேகம் தளரும். சக்தியையும் அதே கணத்தில் குறைக்காவிட்டால் அங்கே மட்டும் ஆழமாகக் குழிந்து, உலோக ஆவி குமிழாகச் சிக்கிக்கொள்ளும். ஆர்கான் வாயு தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும், தெறித்த துளிகளைத் தள்ளிக்கொண்டு போகும். வாயு போகும் கடைசி மூலையில் வைத்த பாகத்தின் மேல் அந்தத் துளிகள் விழும். துளி பொடியைவிடப் பெரிது, லேசர் அதை முழுதாக உருக்காது. ஒரே கோப்பு, ஒரே நாள், ஒரே இயந்திரம். ஆனாலும் முதல் மூலைப் பாகமும் கடைசி மூலைப் பாகமும் ஒன்றாகிவிடாது.

“விலையைக் குறை எண்டு நெருக்கினா என்ன செய்யிறது? அடுக்கைத் தடிப்பாக்கு, வேகத்தைக் கூட்டு எண்டுதான் முதல்ல சொல்லுவினம். வெளியில பாத்தா வித்தியாசம் தெரியாது. அதுதான் பயம்” என்றான். அவன் குரலில் இருந்தது புகாரல்ல, தன் கையிலிருந்து போகும் பொருளைப் பற்றிய அக்கறை. அம்மா இரண்டாம் முறை தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகன்

ஆகனில் ரயிலடியில் நின்ற என் பழைய மாணவி என்னைவிட உயரமாகத் தெரிந்தாள். தலையில் கம்பளிக் குல்லாய், கையில் ஆகன் நகரத்துப் பிரிந்தன் ரொட்டிப் பொட்டலம். மசாலா சேர்ந்த கெட்டியான இனிப்பு ரொட்டி. “பல்லு பத்திரம் மேம், காபில நனைச்சுச் சாப்பிடுங்க” என்றாள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தின்று வளர்ந்தவளுக்கு இதுவெல்லாம் ஒரு கெட்டியா என்று கேட்டேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் ஊரைக் காட்டினாள். பேரரசர் சார்லமேனின் தேவாலயம். அதன் வெண்கலக் கதவுகள் கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தவை, ஒவ்வொரு கதவும் ஒரே வார்ப்பு. சிங்க முகம் பொறித்த பிடிகளைப் பன்னிரண்டு நூற்றாண்டுகளாகக் கைகள் தொட்டிருக்கின்றன. அடுத்து எலிசன்புருன்னன். தூண்கள் தாங்கிய மண்டபத்தின் சுவரிலிருந்து வெந்நீர் கொட்டுகிறது. நிலத்தடியிலிருந்து சுமார் 50 டிகிரி சூட்டில் வருகிற நீர்; ரோமானியர்கள் குளித்த ஊற்றுகளின் மரபு. கந்தக வாடை மூக்கில் ஏறுகிறது, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. சூடும் குளோரைடும் கந்தகமும் ஒன்றாகச் சேர்ந்த நீர். துருப்பிடிக்காத எஃகுக்கு இதைவிடக் கடுமையான தேர்வை ஒரு வாத்தியாரும் வைக்க முடியாது.

லேசரால் உலோகப் பொடியை முழுதாக உருக்கி அடர்ந்த பொருளாக்கும் முறைக்கு வேர் இந்த ஊரில்தான். பிரவுன்ஹோபர் லேசர் தொழில்நுட்ப நிறுவனத்தில் வில்ஹெல்ம் மைனர்ஸ், கொன்ராட் விசன்பாக், ஆந்த்ரெஸ் காசர் ஆகியோர் 1996-இல் அதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதற்கு முன்பு பொடியோடு தாழ்ந்த வெப்பத்தில் உருகும் பொருளைச் சேர்த்து ஒட்டுகிற வழிகள் இருந்தன. அப்படிச் செய்தவை உள்ளுக்குள் பொறபொறவென்று இருக்கும்.

மாணவியின் மேசையில் நகத்தளவு எஃகுச் சதுரங்கள், பிசினில் பதித்து மெருகேற்றியவை. எல்லாம் ஒரே பொடி, ஒரே இயந்திரம். மாற்றியது லேசரின் சக்தியும் வேகமும் கோடுகளின் இடைவெளியும் மட்டும்.

நுண்ணோக்கியில் முதல் துண்டு. வேகம் மிகுந்தது. உலோகத்தின் நடுவே கிழிந்த துணிபோல் ஒழுங்கில்லாத இடைவெளிகள், சிலவற்றுக்குள் உருகாத பொடி உருண்டைகள் அப்படியே கிடந்தன. இரண்டாவது, சக்தி மிகுந்தது. வட்ட வட்டக் குமிழ்கள், ஒவ்வொரு உருகுகுளத்தின் அடியிலும் ஒன்று. லேசர் உலோகத்தை ஆவியாக்கித் தோண்டிய குழி, மேலே மூடிக்கொள்ளும்போது சிக்கிய வாயு. மூன்றாவதில் எங்கே தேடியும் ஒன்றிரண்டு புள்ளிகள்தான்.

“இதுல எது சீக்கிரம் அரிக்கும் மேம்?” தேர்வில் நான் அவளைக் கேட்ட அதே தொனியில் என்னைக் கேட்டாள்.

முதல் துண்டு என்றேன். எதனோடு ஒப்பிட்டு என்று கேட்டாள். கடையில் வாங்கும் உருட்டிய 316எல் தகட்டோடு என்றேன். அவள் கணினித் திரையைத் திருப்பினாள். 3.5 சதவீத உப்புக் கரைசலில் துண்டை நிறுத்தி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் படலம் உடைந்து மின்னோட்டம் செங்குத்தாக எகிறும். அந்த இடம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு எஃகு தாங்கும். நன்றாக அச்சிட்ட மூன்றாவது துண்டின் கோடு, உருட்டிய தகட்டின் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் உடைந்தது.

கூடுதல் குரோமியம் இல்லை, கூடுதல் மாலிப்டினம் இல்லை. காரணம் ஆறும் வேகத்தில் இருக்கிறது. உருட்டுத் தகட்டுக்கான எஃகு மெதுவாக ஆறும்போது அதிலிருக்கும் சிறிதளவு கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து சல்ஃபைடுத் துகளாக ஒதுங்கும். துளை அரிப்பு பெரும்பாலும் அந்தத் துகளின் ஓரத்தில்தான் பிறக்கிறது. எஃகு ஆலைகள் கந்தகத்தைக் குறைக்கப் பல பத்தாண்டுகளாகப் போராடுவது அதற்காகத்தான். லேசர் உருக்கிய குளமோ நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவிலான வேகத்தில் உறைந்துவிடும். சல்ஃபைடு ஒன்றுகூடி வளர அவகாசமே கிடைக்காது. மிகுந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் மைக்ரான் அளவு தேன்கூட்டு அறைகள் போன்ற அமைப்பும், அதில் நானோமீட்டர் அளவு ஆக்சைடுப் புள்ளிகளும்தான் தெரியும். கிருப்பின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியதற்கு நூறாண்டு கழித்து, அதே குடும்பத்து எஃகுக்குப் புதிதாக ஒரு வலு கிடைத்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு உள்ளபடியே சிலிர்த்தது.

“இப்ப முதல் துண்டைப் பாருங்க.” அதன் கோடு தடுமாறித் தடுமாறி ஏறியது. சின்னச் சின்னத் துளைகள் பிறந்து மூடி, பிறந்து மூடி, சீக்கிரமே ஒன்று மூடாமல் போனது. கிழிசல் போன்ற அந்த இடைவெளிக்குள் உப்புநீர் புகுந்தால் வெளியேறாது. உள்ளே ஆக்சிஜன் தீரும், அமிலம் ஏறும். எசன் வீட்டுப் பானையின் புள்ளியைத் தண்ணீர் கொதித்தபின் உப்புப் போட்டுத் தவிர்க்கலாம். இங்கே பள்ளம் பிறக்கும்போதே உலோகத்துக்குள் கட்டித் தரப்பட்டிருக்கிறது.

அவள் அடுத்துச் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அடர்த்தி 99.5 சதவீதம் என்று ஒரு சான்றிதழ் வந்தால் வாங்குகிறவர் நிம்மதியாகிவிடுகிறார். மிச்சம் அரை சதவீதம் என்ன வடிவத்தில், எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. நடுவில் சிதறிய உருண்டைக் குமிழ்கள் என்றால் உப்புநீருக்கு அங்கே போக வழியே இல்லை. அதே அளவு வெற்றிடம், மேற்பரப்பில் வாய் திறந்து உள்ளே கிளைக்கிற கிழிசலாக இருந்தால், கதையே மாறிவிடும். பாகத்தின் ஓரத்தை லேசர் தனியாக ஒரு சுற்று வரையும், உட்புறத்தைக் கோடுகளால் நிரப்பும். இரண்டும் சந்திக்கும் எல்லையில், தோலுக்குக் கீழே மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழத்தில், துளைகள் வரிசையாக நிற்பதுண்டு. மேற்பரப்பை லேசாகக் கடைந்து மெருகேற்றினால், மூடியிருந்த அந்த வரிசை திறந்துகொள்ளும். அழகுபடுத்தப் போய் வாசலைத் திறந்துவிட்டதாகிவிடும். கடைவதானால் அந்த வரிசையைத் தாண்டிக் கடைய வேண்டும். கடையாமல் அப்படியே விட்டாலும் பாதி உருகி ஒட்டிய பொடியும் ஆக்சைடும் மேலே இருக்கும். அதுவும் நல்ல தோல் இல்லை.

வெப்பப்பதனம் பற்றிக் கேட்டேன். உள் இழுவிசையைத் தளர்த்தச் சூளையில் வைப்பார்களே. மிதமான வெப்பத்தில் அறை அமைப்பு பெரிதும் நிலைக்கும் என்றாள். 1,100 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் ஊறவிட்டால் அறைகள் கரைந்துவிடும், மாங்கனீசு சல்ஃபைடு மறுபடி தலைகாட்டும், லேசர் தந்த அனுகூலத்தைச் சூளை திருப்பி வாங்கிக்கொள்ளும்.

வெளியே இருட்டிவிட்டது. மேசைமேல் இரண்டு கோப்பைத் தேநீர். ஊரில் என் வேலையோடு ஒட்டிய கேள்வியைக் கேட்டேன். உப்பளங்களுக்குக் கடல்நீர் ஏற்றும் பம்புகளில் இம்பெல்லர்கள் அரித்துப்போகின்றன, பழைய மாடல்களுக்கு உதிரி கிடைப்பதில்லை. அச்சிட்ட இம்பெல்லரைப் போடுவாயா?

“போடுவேன் மேம். ஆனா 316எல்ல போட மாட்டேன். நம்ம கடல் சூட்டுக்கு உருட்டின 316-ஏ நிக்காது. எவ்வளவு நல்லா அச்சிட்டாலும் நிக்கிற கடல்தண்ணில, கேஸ்கெட் இடுக்குல அது தோத்துடும்.” டூப்ளெக்ஸ் எஃகுதான் அவள் தேர்வு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டூப்ளெக்ஸின் பலம், பெர்ரைட்டும் ஆஸ்டினைட்டும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக இருப்பதில் இருக்கிறது. லேசரின் அதிவேக ஆறுதலில் ஆஸ்டினைட்டுக்கு நேரம் கிடைக்காமல், அச்சிட்டபடியே எடுத்தால் கிட்டத்தட்ட முழுதும் பெர்ரைட்டாக வந்துவிடும். 316எல்லுக்கு வரமான அதே வேகம் இதற்குக் கேடு. இங்கே சூளை கட்டாயம் வேண்டும், ஆயிரம் டிகிரிக்கு மேல் வைத்துச் சட்டென்று நீரில் ஆற்ற வேண்டும்.

“வாங்கும்போது என்ன கேட்பாய்?”

“அந்த இம்பெல்லரோட அதே தட்டுல, வாயு போற கடைசி மூலைல, ஒரு சாட்சித் துண்டு அச்சிட்டுத் தரச் சொல்வேன். அதை என் கையால வெட்டிப் பார்ப்பேன். அப்புறம் அந்த பில்டோட பாராமீட்டர் பதிவு முழுசும் வேணும், சதவீதம் மட்டும் வேணாம். வெளித்தோலை எவ்வளவு கடைஞ்சாங்கன்னும் கேப்பேன்.” எசன் தம்பி வரைந்த தாளை எடுத்து அவளிடம் காட்டினேன். வாயு போகும் மூலையை அவனும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தான். “இவர் யாரு மேம்? நம்ம பிரச்சினையெல்லாம் தெரிஞ்சவரா இருக்காரே” என்றாள். இருவரையும் பேசவைக்கிறேன் என்றேன். அப்போதே அவன் எண்ணை அழைத்துப் பேசியும் விட்டாள். யாழ்ப்பாணத்துத் தமிழும் கரிசல்காட்டுத் தமிழும் வாயு வேகத்தைப் பற்றி அரைமணி நேரம் வாதாடின.

அடுத்த அலமாரியில் டூப்ளெக்ஸ் பொடியில் அச்சிட்ட துண்டுகள் சூளைக்குப் போகத் தயாராக இருந்தன. நாளைக் காலை ஒன்பதுக்குச் சூளையைத் திறப்பார்கள், மதியத்துக்குள் வெட்டி, மெருகேற்றி, உப்புக் கரைசலில் இறக்கிவிடலாம் என்றாள். காலை ரயிலை மாலைக்கு மாற்றிக்கொண்டேன்.